மொட்டை மாடி வென்ட் பைப்பைச் சுற்றி ஒழுகுகிறது, பைப்பையே வெட்டி மூடிவிடலாமா?

புதுவண்ணைக்காரி:

எல்லோருக்கும் வணக்கம். வீடு புதுவண்ணாரப்பேட்டையில். தரைத்தளம், மேலே ஒரு மாடி. இரண்டு பக்கமும் அடுத்த வீட்டுச் சுவர் ஒட்டியே நிற்கிறது, நடுவில் கை நுழையக்கூட இடமில்லை. அதனால் பாத்ரூம் காற்றுப் பைப் வெளிச்சுவரில் போகாமல், உள்ளே மூலையிலேயே ஏறித் தளத்தைத் துளைத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போகிறது. நாலு இஞ்ச் பிவிசி. மேலே ஆள் உயரத்தைவிடக் கூடுதலாக நிற்கிறது.

தூறல், சின்ன மழைக்கு ஒன்றும் ஆவதில்லை. ஒரு ராத்திரி முழுக்க நின்று பெய்தால்தான் தொல்லை. பைப்பைப் பிடித்துக்கொண்டே தண்ணீர் பாத்ரூமுக்குள் இறங்குகிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது கீழே பக்கெட் வைக்க வேண்டியதாகிவிட்டது. இப்போது பைப்பைச் சுற்றிச் சீலிங் பெயிண்ட் பொரிந்து, ஒரு பக்கம் துருக் கறையும் தெரிகிறது.

ஒரு கொத்தனார் வந்து பைப்பைச் சுற்றிச் சின்ன மேடை மாதிரி சிமெண்ட் வைத்தார். வாட்டர்ப்ரூஃப் மருந்து கலந்த கலவை என்றார். அந்த வருஷ மழைக்கு நின்றது. அக்னி நட்சத்திரம் முடிந்து ஏறிப் பார்த்தால் பைப்புக்கும் சிமெண்டுக்கும் நடுவே நூல் நுழையும் அளவுக்கு இடைவெளி. அதில் வெள்ளை சிமெண்ட் கரைத்து ஊற்றினோம். அதுவும் விட்டுவிட்டது.

இப்போது ஒருவர் மாடி முழுக்கக் கோட்டிங் அடித்தால்தான் தீரும் என்கிறார். இன்னொருவர், “இது வெறும் காற்றுப் பைப்தானே, தள மட்டத்துக்கு வெட்டி மூடி போட்டு மேலே ஓடு பதித்துவிடலாம்” என்கிறார். செலவு குறைவு என்பதால் என் மாமியாருக்கு இந்த யோசனைதான் பிடித்திருக்கிறது. வெட்டலாமா? ஐப்பசி மழைக்கு முன்னால் ஏதாவது ஒன்று செய்தாக வேண்டும்.

கடற்காற்று:

இதற்குப் போய் ஆளைக் கூப்பிட வேண்டாம். ஹார்டுவேர் கடையில் சிலிக்கான் டியூபும் துப்பாக்கியும் வாங்கிப் பைப்பைச் சுற்றி அடித்துவிடுங்கள். அரை மணி நேர வேலை.

பழைய பிளம்பர்:

தங்கச்சி, முதலில் மாமியாரிடம் சொல்லிவிடுங்கள். அந்தப் பைப்பை வெட்டவும் கூடாது, மூடவும் கூடாது. சும்மா நிற்கிற மாதிரி தெரியும், ஆனால் உங்கள் பாத்ரூம் நாறாமல் இருப்பதே அதனால்தான்.

கக்கூஸ் கோப்பைக்கு அடியில் வளைவில் எப்போதும் சுமார் 50 மில்லிமீட்டர் ஆழத்துக்குத் தண்ணீர் நிற்கும். பாத்ரூம் தரைத் தண்ணீர் இறங்குகிற நஹானி டிராப்பிலும் அப்படித்தான். சாக்கடைக் காற்று மேலே வராமல் தடுப்பது அந்தத் தண்ணீர்தான். ஃப்ளஷ் பண்ணும்போது ஒரு பக்கெட் தண்ணீர் மொத்தமாகப் பைப்பில் இறங்குகிறது, அதன் பின்னாலேயே காற்று உள்ளே வர வேண்டும். மேலே வழி திறந்திருந்தால் மாடியிலிருந்து காற்று வரும். மூடிவிட்டால், பக்கத்தில் இருக்கிற டிராப்பில் நிற்கும் தண்ணீரை இழுத்துக்கொண்டு போகும். களக் களக் என்று சத்தம் வரும், அப்புறம் நாற்றம், ராத்திரியில் கரப்பான். நம் பக்கம் பாதாளச் சாக்கடை மழைக்காலத்தில் நிரம்பி நிற்கிறபோது அடியிலிருந்து காற்று வேறு தள்ளும். அதற்கும் போக்கிடம் மேலேதான். சிலர் மழைக்குப் பயந்து பைப் வாயில் பாலிதீன் கவர் போட்டுக் கயிறு கட்டுகிறார்கள். அதுவும் இதே கதைதான். வாயில் கவுல், அதாவது காற்றுப் போக இடுக்கு வைத்த தொப்பி, மட்டும் இருந்தால் போதும்.

சரி, ஒழுகலுக்கு வருவோம். உங்கள் கொத்தனார் போட்ட சிமெண்ட் கெட்ட சிமெண்ட் இல்லை. பிவிசியில் சிமெண்ட் ஒட்டாது, அவ்வளவுதான். பைப் வழவழப்பு. அதோடு வெயிலில் இரண்டும் ஒரே அளவு நீள்வதில்லை. மாடிக்கு மேலே 3 மீட்டர் பைப் நிற்கிறது என்று வையுங்கள். விடியற்காலைக்கும் மதியத்துக்கும் பைப்பின் சூடு 30 டிகிரி மாறினால், அந்த 3 மீட்டர் சுமார் 6 மில்லிமீட்டர் நீளும். அதே நீளக் கான்கிரீட் 1 மில்லிமீட்டர்கூட நீளாது. குறுக்களவிலும் பைப் கிட்டத்தட்ட கால் மில்லிமீட்டர் விரிந்து சுருங்கும். இது தினமும் நடக்கிறது. கால் மில்லிமீட்டர் இடைவெளி நம் கண்ணுக்கு ஒன்றுமில்லை, தண்ணீருக்கு ராஜபாட்டை. அதில் சிமெண்டை வைத்தாலும் வெள்ளை சிமெண்டை வைத்தாலும் அடுத்த சித்திரையில் விடத்தான் செய்யும். அது அசைகிற இணைப்பு, இறுகிப் போகிற எந்தப் பொருளும் அங்கே நிற்காது.

இதற்கு மேல் ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். அந்தப் பைப்பில் துணிக் கொடி கட்டியிருக்கிறீர்களா? வண்ணாரப்பேட்டை, கொருக்குப்பேட்டை, காசிமேடு என்று நான் ஏறிய மாடிகளில் பாதியில் வென்ட் பைப்தான் கொடிக்கம்பம். ஈரப் புடவையும் போர்வையும் காற்றில் இழுக்க, பைப் அடியில் நெம்புகோலாக வேலை செய்து சிமெண்டை உடைத்துக்கொண்டே இருக்கும். 2016 வர்தா புயலுக்கு அப்புறம் ஒழுக ஆரம்பித்தது என்று என்னைக் கூப்பிட்ட வீடுகளில் கொடி கட்டாத பைப்பைத் தேட வேண்டியிருந்தது.

காசை இறக்குவதற்கு முன்னால் எங்கே ஒழுகுகிறது என்று உறுதி பண்ணிக்கொள்ளுங்கள். மழை இல்லாத நாளாகப் பார்த்து, முதலில் பைப்பின் மேல் வாயில் இரண்டு குடம் தண்ணீர் ஊற்றுங்கள். தளம் நனையக் கூடாது. கீழே சொட்டினால் கோளாறு தளத்தில் இல்லை, பைப்பின் உள் ஜாயிண்டில். கவுல் இல்லாத பைப்பில் மழை உள்ளே விழுந்து, ரப்பர் வளையம் நகர்ந்த ஜாயிண்ட் வழியே கசிவது உண்டு. அப்படியென்றால் மாடியில் எதைத் தடவினாலும் வீண். அதில் ஒழுகவில்லை என்றால், பைப்பிலிருந்து ஓர் அடி தள்ளி வட்டமாகக் களிமண்ணிலோ கலவையிலோ கரை கட்டி, இரண்டு இஞ்ச் தண்ணீர் நிறுத்தி, ராத்திரி முழுக்க விடுங்கள். கீழே ஓதம் வந்தால் பைப்பைச் சுற்றித்தான். வரவில்லை என்றால் தண்ணீர் வேறு எங்கோ இறங்கித் தளத்துக்குள் நடந்து வந்து இந்த ஓட்டையில் சொட்டுகிறது. மாடி முழுக்கக் கோட்டிங் என்று சொன்னவர் இந்தச் சோதனை எதையும் பண்ணாமல் சொல்லியிருந்தால், அவர் விற்கிற பொருள் கோட்டிங் என்று அர்த்தம்.

பைப்பைச் சுற்றித்தான் என்று வைத்துக்கொண்டு வேலையைச் சொல்கிறேன்.

மேலே தடவுவதில் பிரயோஜனம் இல்லை, இறங்க வேண்டும். நம் மாடிகளில் கான்கிரீட்டுக்கு மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்ட தளம், அதன்மேல் ஓடு. ஓட்டு இடுக்கில் இறங்குகிற தண்ணீரை அந்த ஜல்லி ஸ்பாஞ்ச் மாதிரி குடித்து வைத்துக்கொள்ளும், அப்புறம் கான்கிரீட் மேல் தவழ்ந்து பைப் ஓட்டையைத் தேடி வரும். தூறலுக்கு ஒழுகாமல் ராத்திரி மழைக்கு மட்டும் ஒழுகுவதும் இதனால்தான். ஆகவே பைப்பைச் சுற்றி ஒன்றரை அடிக்கு ஓடுகளையும் ஜல்லியையும் எடுத்து, கான்கிரீட் தெரிகிற வரை போங்கள்.

பெரும்பாலும் அங்கே ஓர் ஆச்சரியம் காத்திருக்கும். தளம் போட்டபோது ஓட்டை விடாமல், பின்னால் சுத்தியலும் உளியும் வைத்து உடைத்துப் பைப்பை நுழைத்து, சந்தில் உடைந்த செங்கல்லும் சிமெண்ட் மூட்டைக் காகிதமும் திணித்து மேலே பூசியிருப்பார்கள். அதையெல்லாம் சுரண்டி எடுங்கள். கீழிருந்து பலகை முட்டுக் கொடுங்கள். பைப்பின் அந்தப் பகுதியை எமரித் தாளால் நன்றாகத் தேய்த்து, சால்வென்ட் சிமெண்ட் (பிவிசி ஒட்டுகிற பசை) தடவி, காய்வதற்குள் காய்ந்த மணலைத் தூவிவிடுங்கள். மணல் ஒட்டிக்கொண்ட பைப்பைக் கலவை கெட்டியாகப் பிடிக்கும். அப்புறம் சந்தில் சாதாரண கலவை வேண்டாம், அது காயும்போது சுருங்கும். சுருங்காத கிரவுட் என்று மூட்டையாகக் கிடைக்கிறது. அதை ஊற்றி, ஒரு வாரம் ஈரச் சாக்குப் போட்டு வையுங்கள்.

கிரவுட் ஊற்றும்போதே பைப்பை ஒட்டி 20 மில்லிமீட்டர் அகலத்துக்கு ஒரு சின்னப் பள்ளம் விட்டுவிட வேண்டும். காய்ந்ததும் அதில் பாலியூரித்தேன் சீலண்ட் நிரப்புங்கள். பிவிசி மூச்சு விடுகிற இடம் அதுதான், ரப்பர் மாதிரி இழுபடும், விடாது. ஈரத்தில் மட்டும் அடிக்கக் கூடாது. அதன்மேல் பாலிமர் கோட்டிங், நடுவில் ஃபைபர் வலை வைத்து இரண்டு மூன்று கை, தளத்தில் ஓர் அடி அகலத்துக்கும் பைப்பில் ஆறு இஞ்ச் உயரத்துக்கும் ஏற்றி அடியுங்கள். அதை மூடிப் பைப்பைச் சுற்றி நான்கு விரற்கடை உயரத்துக்குச் சரிவாக மேடை கட்டி, ஓடு திரும்பப் பதியுங்கள். மேடை எதற்கு என்றால், தண்ணீர் அங்கே வந்து நிற்கவே கூடாது. தளத்தில் பள்ளமாக இருக்கிற இடத்தில் பைப் வந்திருந்தால் வாட்டத்தையும் சரி பண்ணிவிடுங்கள், இல்லாவிட்டால் எந்த மருந்தும் நீண்ட நாள் தாங்காது.

மேலே ஏற்றிய கோட்டிங்கின் விளிம்பை ஸ்டீல் கிளாம்பால் இறுக்க வேண்டும். நம் பக்கம் கடல் காற்று, சாதாரண ஜிஐ கிளாம்ப் சீக்கிரம் துருப்பிடித்துக் கொட்டிவிடும். ஸ்டெயின்லெஸ் 316 கேளுங்கள், கிடைக்காவிட்டால் 304. கடைசியாக என் கை வேலை ஒன்று. அந்தக் கிளாம்புக்கு மேலே பைப்பில் ஒரு பெரிய அளவு ரெடியூசரை (பெரிய பைப்பையும் சின்னப் பைப்பையும் இணைக்கிற துண்டு) கவிழ்த்துப் பாவாடை மாதிரி மாட்டி, மேல் விளிம்பை மட்டும் சால்வென்ட் போட்டு ஒட்டிவிடுவேன். பைப் வழியாக வழிகிற மழை அந்தப் பாவாடை மேல் விழுந்து வெளியே போய்விடும், இணைப்புப் பக்கமே வராது. சீலண்ட் வயதாகிப் போனாலும் இது காப்பாற்றும்.

சிலிக்கான் சொன்ன தம்பிக்கு: கண்ணாடிக்கும் வாஷ்பேசினுக்கும் அது நல்ல பொருள். தூசி பறக்கிற சிமெண்டில் பிடிக்காது, ஒரு ஓரத்தில் உரிய ஆரம்பித்தால் முழுதாகக் கையோடு வரும். அதைவிடத் தொல்லை என்னவென்றால், சிலிக்கான் பட்ட இடத்தில் அப்புறம் எந்தக் கோட்டிங்கும் ஒட்டாது. சுரண்டி எடுப்பதே ஒரு நாள் வேலை.

மண்ணடி மாடி:

ஐயா சொன்னது கான்கிரீட் தளத்துக்கு. மண்ணடி, ராயபுரம் பழைய வீட்டுக்காரர்கள் யாராவது படித்தால் ஒரு வார்த்தை. உங்கள் வீடு மெட்ராஸ் டெரஸ் தளமா என்று பாருங்கள். கீழிருந்து பார்த்தால் தேக்கு உத்திரங்களும், அவற்றுக்கு மேல் குத்துவாட்டில் சாய்வாக அடுக்கிய சின்னச் செங்கல்லும் தெரியும். முழுக்கச் சுண்ணாம்புக் கட்டு. அங்கே சுத்தியல் போட்டுப் புது ஓட்டை போடுவதே ஆபத்து, பக்கத்துச் செங்கல்லும் சேர்ந்து தளர்ந்துவிடும். கெட்டியான சிமெண்டை வைத்து அடைத்தால் சுற்றியிருக்கிற சுண்ணாம்பு அதோடு சேராமல் விளிம்பில் பிளக்கும். பைப் ஓரத்தில் இறங்குகிற ஈரம் உத்திரத்தின் முனையைத்தான் முதலில் தின்னும், மேலே பார்த்தால் தெரியாது. இந்த மாதிரி வீடுகளில் பைப்பைத் தளத்துக்குள் விடாமல் முற்றத்துச் சுவரோடு ஏற்றுவதே மேல்.

எர்ணாவூர்வாசி:

எங்களுடையது மாடி மேல் போட்ட தகர ஷீட். பைப் அதையும் துளைத்துக்கொண்டு போகிறது. அங்கேயும் இதே ஒழுகல். கிரவுட் எல்லாம் அதில் நிற்காதே, என்ன செய்வது?

பழைய பிளம்பர்:

ஷீட்டுக்கு வேலை சுலபம் தம்பி. கூம்பு வடிவத்தில் ரப்பர் பூட் கிடைக்கிறது, இபிடிஎம் ரப்பர், அடியில் வளைகிற அலுமினியத் தகடு வைத்தது. பைப் குறுக்களவைவிடச் சுமார் ஐந்தில் ஒரு பங்கு சின்னதாகக் கூம்பை வெட்டி, சோப்புத் தண்ணீர் தடவி மேலிருந்து இழுத்து இறக்குங்கள். பிடித்துக்கொண்டு நிற்கும். அடித்தகட்டை ஷீட்டின் மேடு பள்ளத்துக்கு ஏற்றபடி அமுக்கி, கீழே சீலண்ட் வைத்து, வாஷர் வைத்த ஸ்க்ரூவை நெருக்கமாகப் போடுங்கள். சதுரத் தகடாக இருந்தால் மூலை மேல்பக்கம் பார்க்கிற மாதிரி திருப்பி வையுங்கள், வருகிற தண்ணீர் இரண்டாகப் பிரிந்து போய்விடும். நேராக வைத்தால் மேல் விளிம்பில் தண்ணீரும் குப்பையும் தேங்கும். எண்ணூர்ப் பக்கம் சாம்பல் தூசி வேறு படிகிறது, அது சேறாகிக் கட்டிக்கொள்ளும். புதிதாக ஓட்டை போடுவதாக இருந்தால் ஷீட்டின் பள்ளத்தில் போடாதீர்கள், மேட்டில் போடுங்கள்.

உங்களுடையது ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் என்றால் மட்டும் காய்ந்த நிலையில் துளை போடவோ அறுக்கவோ வேண்டாம். தண்ணீர் தெளித்துக்கொண்டே, நல்ல மாஸ்க் போட்டுக்கொண்டு செய்ய வேண்டும். அந்தத் தூசி நெஞ்சுக்குப் போனால் திரும்ப வராது.

கடற்காற்று:

சரி ஐயா, சிலிக்கானை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். புதுவீடு கட்டுகிறவர்கள் என்ன செய்ய வேண்டும்? அண்ணன் மாதவரத்தில் அஸ்திவாரம் போட்டிருக்கிறான்.

பழைய பிளம்பர்:

சென்ட்ரிங் அடித்துக் கம்பி கட்டுகிற அன்றே பிளம்பரை மேலே ஏற்றச் சொல்லுங்கள். பைப் வருகிற இடத்தில் படில் ஃபிளாஞ்ச் (கான்கிரீட்டுக்குள் புதைகிற அகல விளிம்பு உள்ள பைப் துண்டு) வைத்தோ, பெரிய சைஸ் பைப்பை ஸ்லீவாக, அதாவது உறையாக, விட்டோ கான்கிரீட் போட்டுவிட்டால் பின்னால் உடைக்கிற வேலையே இல்லை. ஸ்லீவ் ஓடு பதித்த மட்டத்துக்கு மேலே ஆறு இஞ்ச் நிற்க வேண்டும். வெளிச்சுவர் இருக்கிற வீட்டில் பைப்பைத் தளத்துக்குள் விடவே வேண்டாம், சுவரோடு கைப்பிடிச் சுவர் தாண்டி ஏற்றிவிடலாம்.

புதுவண்ணைக்காரி:

அண்ணா, நீங்கள் சொன்ன மாதிரி செய்து பார்த்தோம். பைப்புக்குள் ஊற்றிய தண்ணீருக்குக் கீழே ஒன்றும் இல்லை. கரை கட்டி நிறுத்தியதில் விடிவதற்குள் பாதித் தண்ணீரைக் காணோம், சீலிங்கில் வட்டமாக ஓதம். ஆக, பைப்பைச் சுற்றித்தான்.

கொடி விஷயம், எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று வீட்டில் எல்லோரும் கேட்கிறார்கள். ஒரு முனை பைப்பில், மறு முனை தண்ணீர் டேங்க் தூணில். மாமியார் அவிழ்க்கச் சம்மதித்துவிட்டார், வேறு கம்பம் நட்டுத் தர வேண்டும் என்ற நிபந்தனையோடு. பைப் காற்றில் ஆடுகிறது, அதற்கு ஏதாவது செய்ய வேண்டுமா? சீலிங்கில் தெரிகிற துருக் கறைக்கு என்ன செய்வது? வெளியில் இருக்கிற பைப்பும் வெளுத்துப்போய் விரலால் தேய்த்தால் மாவு மாதிரி ஒட்டுகிறது.

பழைய பிளம்பர்:

கம்பம் நடுகிறேன் என்று தளத்தைத் துளைத்துவிடாதீர்கள், அடுத்த ஒழுகல் அங்கே வரும். கைப்பிடிச் சுவரின் உள்பக்கம் ஆங்கிள் அடித்துக் கொடி கட்டலாம். பைப் ஆடாமல் இருக்கக் கைப்பிடிச் சுவர் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால் அதிலிருந்து ஒரு கிளாம்ப், தூரம் என்றால் பைப்புக்குப் பக்கத்தில் இரண்டடி உயரத்துக்குச் சின்னச் செங்கல் தூண் கட்டி அதில் கிளாம்ப். கிளாம்ப் பைப்பைப் பிடிக்க வேண்டும், நசுக்கக் கூடாது. வெயிலில் அது மேலும் கீழும் நகர வழி வேண்டும்.

துருக் கறையை அலட்சியம் பண்ண வேண்டாம். சுத்தியல் பிடியால் சீலிங்கைத் தட்டிப் பாருங்கள். டொக் டொக் என்று பொள்ளலாகக் கேட்டால் உள்ளே கம்பி துருப்பிடித்துப் பருத்துக் கான்கிரீட்டைத் தள்ளுகிறது. அதை உடைத்துக் கம்பியைத் தேய்த்து மருந்தடித்துப் பூச வேண்டும், பரப்பு பெரிதாக இருந்தால் ஓர் இன்ஜினியரைக் காட்டிவிடுங்கள். ஆனால் மேல் வேலை முடிந்து, ஒரு மழை பார்த்த பிறகுதான் கீழே கை வைக்க வேண்டும்.

வெளுத்து மாவு கொட்டுகிற பைப் வெயிலில் செத்துக்கொண்டிருக்கிறது. தளத்துக்கு மேலே இருக்கிற துண்டைப் புதிதாகவே மாற்றிவிடுங்கள், எப்படியும் பாவாடை மாட்ட அதைக் கழற்ற வேண்டியிருக்கும். எஸ்டபிள்யூஆர் பைப்பில், அதாவது கழிவுநீருக்கும் மழைநீருக்கும் வருகிற பிவிசி பைப்பில், வென்ட்டுக்கு டைப் ஏ போதும், கக்கூஸ் தண்ணீர் போகிற பைப்புக்குத்தான் டைப் பி. மாட்டியதும் வெளிர் நிறத்தில் வெளிச்சுவர் பெயிண்ட் ஒரு கை அடித்துவிட்டால் நாள் கூடும்.

கடைக்குப் போகும் முன் ஒன்று. நாலு இஞ்ச் என்று மட்டும் கேட்காதீர்கள். எஸ்டபிள்யூஆரில் நாம் நாலு இஞ்ச் என்பது வெளி அளவில் 110 மில்லிமீட்டர். தண்ணீர் லைனுக்கு வருகிற இஞ்ச் கணக்குப் பைப்பில் நாலு இஞ்ச் 114 மில்லிமீட்டர். ஒன்றின் சாக்கெட் மற்றதில் சேராது, சேர்த்து வைத்து அடித்தால் விரிசல் விடும். இப்போது இருக்கிற பைப்பைச் சுற்றி நூல் பிடித்து அளந்து பாருங்கள். சுற்றளவு 34.5 சென்டிமீட்டர் என்றால் 110. 36-க்கு அருகில் வந்தால் மற்றது. கவுலும் ரெடியூசரும் அந்த அளவுக்கே வாங்குங்கள்.